நாற்பத்தெட்டுப் பூ

இரண்டு விரல்கள் காம்பைப் பிடித்து ஒடித்தன. பூவைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஒரு தட்டு. உள்ளே படுத்திருந்த தேனீ தூக்கம் கலைந்த எரிச்சலோடு விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பறந்தது. கட்டைவிரல் நகம் பூவுக்குள் இறங்கி நடுவிலிருந்த மஞ்சள் தண்டைக் கிள்ளி எறிந்தது. அதை விட்டுவைத்தால் சோறு கசக்கும். பிறகு அந்தப் பூவை, சற்றுமுன் பறித்த பூவின் வாய்க்குள் செருகின விரல்கள். அதற்குள் அடுத்தது. எண்ணெய்க் கடையில் புனல்களை அடுக்கிவைப்பது போல. ஒன்றுக்குள் ஒன்று இருந்தால்தான் பூ திறந்த வாயோடு நிற்கும். தனியாக விட்டால், வெயில் ஏறியதும் முறுக்கிக்கொண்டு மூடிவிடும். மூடியது தானாகத் திறக்காது.

அடியில் பிஞ்சு பிடித்த பூக்களை அந்தக் கை தொடவில்லை. நெட்டைக் காம்பு ஆண்பூ மட்டும். பூசணிக்கொடி முழுவதும் தேடி நாற்பத்தெட்டு. கடல் பக்கம் இன்னும் சாம்பல் நிறம்தான். மலையுச்சியில் சூரியன் தலைகாட்டுமுன் கூடையை ஈரத்துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் பெதியா.

இன்ஜிர்லி விரிகுடாவில் பெதியாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கைப்பூவைத் தின்னாதவர்கள் குறைவு. கரையோரத்தில் ரிஃப்கியின் மீன்கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் முன்னால் பரிசாரகன் பெரிய தட்டொன்றைத் தூக்கிவந்து காட்டுவான். சுட்ட கத்திரிக்காய், பூண்டுத் தயிர், வினிகரில் ஊறிய நெத்திலி, எலுமிச்சையும் எண்ணெயும் ஊற்றிய ஆக்டோபஸ், உப்பங்கழியில் முளைக்கும் பச்சைத் தண்டு, எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில். நடுவில் பெதியாவின் பூ தோல்மா, பூவுக்குள் அரிசி அடைத்து வேகவைத்தது. பழகினவர்கள் மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அதைத்தான் கைகாட்டுவார்கள்.

அவளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், ரிஃப்கியின் சமையல்காரி தம்பி கல்யாணத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். "உனக்குப் பூ தோல்மா வருமாக்கா?" என்று ரிஃப்கி கேட்டான். அவள் மலைக்கிராமத்துப் பெண். ரொட்டியும் பருப்பும் தவிர எதுவும் தெரியாது. "வருமே" என்றாள். முதல் நாள் நாற்பது பூவும் வெடித்து, மஞ்சள் இதழ் மிதக்கும் கஞ்சியாகியது. அதை அவள் கணவன் தஹ்சின் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ருசிக்குக் குறைவில்லை, பேருதான் மாத்தணும்" என்றான். மறுநாள் அரிசியைப் பாதி மட்டும் வைத்துப் பார்த்தாள். அதற்கு மறுநாள் பூக்கள் புரளாமலிருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தாள். தண்ணீர் அடியடுக்குப் பூவின் தோள்வரைதான் என்பது பிடிபட இன்னும் ஒரு வாரம். அந்தக் கோடை முடிவதற்குள் கை பழகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்குச் சட்டியைக் கடையின் பின்வாசலில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். முன்பக்க மேஜையில் உட்கார்ந்து அவள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

இன்றைக்கு உட்காரப் போகிறாள். மகள் செவிலுக்கு நிச்சயமாகியிருக்கும் கய்சேரிச் சம்பந்தி வீட்டார் பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து முந்தாநாள் இறங்கியிருந்தார்கள். ராத்திரி எட்டுப் பேருக்கு ரிஃப்கி கடலோர மேஜையை ஒதுக்கிவைத்திருந்தான்.

கய்சேரிக்காரர்கள் இறைச்சிக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா ஹூரியே வரும்போதே மசாலா பூசி உலர்த்திய மாட்டிறைச்சித் துண்டு இரண்டும், ஒரு பை நிறைய உலர்ந்த மந்தியும் கொண்டுவந்திருந்தாள். இறைச்சி வைத்து மடித்த கொழுக்கட்டைதான் மந்தி. ஆனால் கொண்டைக்கடலையைவிடச் சின்னது. கரண்டிக்கு நாற்பது நிற்கவேண்டும், அதற்குக் குறைந்தால் அந்த வீட்டு மருமகளுக்குக் கைவேலை போதாது என்பது அந்த ஊர்க் கணக்கு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் நான்கு வகைக் கீரையைப் பார்த்துவிட்டு ஹூரியே, "சம்பந்தி, உங்க ஊர்ல ஆடு மாடெல்லாம் என்னத்தத் தின்னும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெதியாவும் சிரித்தாள். ஆனால் அது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. நாளைக்கு இந்தப் பெண் கய்சேரியில் போய்க் குடித்தனம் நடத்தவேண்டும். தாய் வீட்டுச் சாப்பாட்டைப் புல் என்று நினைக்கிற வீட்டில் அவள் வாய் திறந்து ஒன்றைச் சமைத்துத் தருகிறேன் என்று சொல்வாளா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த அம்மாள் பூவைத் தின்று பார்த்துவிட்டால் போதும் என்று பெதியா நினைத்தாள். அதற்குத்தான் ரிஃப்கியின் மேஜை.

கூடையைச் சமையலறையின் குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டு, சோம்புக்கீரையும் வெங்காயத்தாளும் வாங்கச் சந்தைக்குப் போனாள். அரை மணியில் திரும்பவேண்டியவள். அங்கே கல்யாணத் தேதி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே ஒரு மணி நேரம் போயிற்று.

திரும்பி வந்தால் கூடை காலி.

கொல்லைச் சுவர்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதில் வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை, ஒவ்வொரு பூவும் தனித்தனியாக, நல்ல வெயிலில். ஈரக் குடையை முறுக்கிக் கட்டினதுபோல எல்லாம் இறுக மூடியிருந்தன.

பக்கத்தில் ஹூரியே முழங்கைவரை ஈரமாக நின்றிருந்தாள். "வந்துட்டீங்களா? நீங்க அவசரத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணத் திணிச்சு வெச்சிருந்தீங்க. எறும்பு வேற. ஒண்ணொண்ணாப் பிரிச்சு மூணு தண்ணியில அலசிக் காயவெச்சிட்டேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கய்சேரியில் கோடை வந்தால் கத்திரிக்காய், மிளகாய், தக்காளி, இறைச்சி, மாவு எல்லாமே மொட்டைமாடிக்குத்தான் போகும். வெயிலில் வைத்தால் பொருள் நிலைக்கும் என்பது அவர்களுக்கு மூச்சு மாதிரி.

செவில் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஐயோ அத்தை" என்று ஆரம்பித்தாள். பெதியா மகளின் காலை மிதித்தாள்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு சம்பந்தி" என்றாள் பெதியா. "எனக்கே இவ்வளவு பொறுமை கிடையாது."

ஹூரியே மருமகள் முகத்தையும் பெதியாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்மா, உங்கம்மா எதுக்கு உன் கால மிதிக்கிறா?"

"தெரியாம பட்டிருச்சு அத்தை."

"எனக்கு மூணு நாத்தனாரு. மிதிக்கிறது எது, படறது எதுன்னு எனக்குத் தெரியும். சொல்லு."

செவில் அம்மாவைப் பார்த்தாள். பெதியா சந்தைப் பையைக் கீழே வைத்தாள்.

"பூ மூடிக்கிச்சு அத்தை. இனிமே அரிசி வைக்க முடியாது."

"வேற பறிச்சா?"

"விடியக்காலைல மட்டும்தான் திறந்திருக்கும். இந்நேரம் ஊர்ல உள்ள கொடி எல்லாத்துலயும் இப்படித்தான்."

ஹூரியே கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஈரம் எதுவும் மிச்சமில்லை. "ராத்திரிக்கு அதுதானே..." என்றவள் முடிக்கவில்லை.

"அது இல்லாட்டி என்ன, ரிஃப்கிகிட்ட முப்பது கிண்ணம் இருக்கு" என்று சிரித்தாள் பெதியா. சொல்லிக்கொண்டே துணியோடு பூக்களை அள்ளி நிழலுக்குக் கொண்டுபோனாள். குடிக்கிற தண்ணீரை ஒரு அகலப் பாத்திரத்தில் ஊற்றிப் பூக்களை அதில் மிதக்கவிட்டாள். வாடினது கொஞ்சம் நெகிழும். அது அவளுக்குத் தெரியும். நெகிழ்ந்ததைத் திறக்க முடியுமா என்பது தெரியாது. இதுவரை திறக்கவேண்டி வந்ததில்லை.

கால் மணி கழித்து ஒன்றை எடுத்து இதழ் நுனியை விரித்தாள். கிழிந்தது. இரண்டாவது கிழிந்தது. தஹ்சினோடு வலை இழுத்து, ஆக்டோபஸைப் பாறையில் அடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. திறந்த பூவுக்குத்தான் தோது. மூன்றாவதும் போனபோது ஹூரியே முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. பூவக் கொலை பண்றீங்க."

"நீங்கதானே வெயில்ல வெச்சுத் தொடங்கினீங்க."

வாய்தவறி வந்துவிட்டது. ஹூரியே ஒரு கணம் பெதியாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "இப்பத்தான் சம்பந்தி மாதிரி பேசறீங்க. முந்தாநாள்லேருந்து தேன் தடவியே பேசினீங்களா, எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் ஒரு பூவை எடுத்தாள், ஆனால் இழுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எல்லாம் ஒரே பக்கமாத்தான் முறுக்கியிருக்கு. மடிச்சதுதானே, மடிச்ச வழியிலயே போனா வந்துரும்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நுனியை வைத்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல உருட்டினாள். ஒரு முறை வாயால் ஊதினாள். ஓர் இதழ் விலகியது. இன்னொன்று. முப்பது வருஷமாக மாவைக் கடலையளவில் மடித்துவந்த அந்த விரல்கள், இன்றைக்குப் பின்பக்கமாக நடந்தன.

"செவில், சட்டுனு வெங்காயத்த நறுக்கு" என்றாள் பெதியா.

திறந்த ஒவ்வொன்றையும் பெதியா வாங்கி உடனே அரிசி வைத்தாள். வைக்காவிட்டால் மறுபடி முறுக்கும். எண்ணெயில் பிசறிய அரிசி, வெங்காயம், தக்காளி, புதினா, சோம்புக்கீரை. பாதி பூ மட்டும். இதழ் நுனிகளை உள்ளே மடக்கிச் சட்டியில் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஹூரியே தானே ஒன்றை நிரப்பினாள், கழுத்துவரை.

"அவ்வளவு வெச்சா வெடிச்சிரும் சம்பந்தி. இது அரிசி. வீங்கும்."

"பாதி காலியா குடுத்தா எங்க ஊர்ல கஞ்சம்னு சொல்வாங்க."

"எங்க ஊர்ல வெடிச்சத என் வீட்டுக்காரர் தலையிலதான் கட்டுவோம்."

ஹூரியே வம்புக்கு இன்னொன்றையும் கழுத்துவரை நிரப்பிவிட்டு, அதற்கப்புறம் பாதியோடு நிறுத்தி, நுனிகளைத் தன் மந்தி மடிப்பில் சின்னதாக மடக்கினாள். கிழிந்துபோனவற்றை அவள் ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தாள். பதினாலு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெதியா, கிழிந்த ஒன்றை எடுத்துக் கிழிந்த இன்னொன்றுக்குள் செருகினாள், காலையில் கூடையில் அடுக்கினது போலவே. ஒன்றின் ஓட்டையை மற்றதன் இதழ் அடைத்தது. இரண்டு சேர்ந்து ஒரு முழுப் பூ.

"அட" என்றாள் ஹூரியே. "இதுக்குத்தான் திணிச்சு வெச்சிருந்தீங்களா?"

"இல்ல. இது இப்பத்தான் தெரிஞ்சுது."

நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று தேறியது. தோள்வரை தண்ணீர், ஒரு கை எண்ணெய், மேலே கவிழ்த்த தட்டு, சிறு தீ. வெந்ததும் மூடியைத் திறக்காமல் கல்தரையில் ஆறவைத்தாள் பெதியா. அந்த நாலு மணி நேரமும் ஹூரியே வேறெங்கும் போகவில்லை. இரண்டு முறை வந்து சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொடாதவள் போல நின்றாள்.

நாலரைக்குத் தட்டை எடுத்தபோது இரண்டே இரண்டுதான் பிரிந்திருந்தன. இரண்டும் கழுத்துவரை நிரப்பியவை. ஒன்றைச் சிறுதட்டில் வைத்து எலுமிச்சை பிழிந்து சம்பந்தியிடம் நீட்டினாள். ஹூரியே நின்றபடியே வாயில் போட்டாள். மென்றாள். இரண்டாவதையும் எடுத்துச் சாப்பிட்டாள். விரலில் ஒட்டிய அரிசியைக்கூட விடவில்லை.

"எங்க தோட்டத்துலயும் இந்தக் கொடி இருக்கு" என்றாள் கடைசியில். "வேலி முழுக்கப் பூ. இத்தன வருஷமா காய மட்டும் பறிச்சிட்டு வந்திருக்கேன்." பிறகு செவில் பக்கம் திரும்பினாள். "நீ வந்ததும் விடியக்காலைல எழுந்து பறிச்சுக் குடு. திறந்திருக்கும்போதே. நான் கழுவ மாட்டேன், சத்தியம்."

"ஆடு மாட்டுக்கு வேணாமா அத்தை?" என்றாள் செவில்.

"அதுங்க பாத்துக்கும்."

பெதியா முப்பத்தொன்பது பூக்களையும் வெள்ளைத் தட்டில் வட்டமாக அடுக்கினாள். பெரிய மடிப்பு வெளிவட்டம், சின்ன மடிப்பு உள்வட்டம். குளிப்பதற்கும் வீட்டிலிருந்த ஒரே சின்னக் கண்ணாடியில் மூன்று பெண்கள் முறைபோட்டுத் தலைவாருவதற்கும் நேரம் சரியாக இருந்தது. கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்து, மேஜைவிரிப்புகள் காற்றில் படபடத்தன. பழக்கதோஷத்தில் பெதியா பின்வாசல் சந்துக்குத் திரும்பினாள். ஹூரியே அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? நாம சாப்பிட வந்தவங்க." தட்டைத் தானே வாங்கிக்கொண்டு முன்பக்கமாக நடந்தாள்.

ரிஃப்கி துண்டால் கையைத் துடைத்தபடி எதிரே வந்தான். தட்டைக் குனிந்து பார்த்தவன் புருவத்தைத் தூக்கினான். "பெதியாக்கா, நடுவட்டம் உங்க மடிப்பு இல்லையே. யாரு கை?"

"கய்சேரிக் கை" என்றாள் பெதியா.

"நல்ல கைதான்." அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

ஹூரியே உடனே கொடுத்துவிடவில்லை. "மத்த மேஜைக்கெல்லாம் காட்டிட்டு வராதீங்க. மொதல்ல எங்களுக்கு" என்றாள். "எங்க வீட்டுக்காரர் கேட்டா, புல்லுன்னு சொல்லுங்க. தின்னதுக்கு அப்புறம் நான் பேசிக்கிறேன்."

அப்புறம் பெதியாவைப் பார்த்தாள். பெதியா தலையசைத்தாள். தட்டு ரிஃப்கியின் கைக்குப் போனது.