புருல்கான் நடந்தே குறைத்த பத்தொன்பது கிலோ

தோக்மோக் என்ற சிறு ஊரில், எங்கள் தையல் பட்டறையில் இஸ்திரி மேசை புருல்கானுடையது. ரஷ்யாவுக்குப் போகும் கவுன்கள் எல்லாம் அவள் கை பட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். நாற்பத்தாறு வயது, தொண்ணூற்றெட்டு கிலோ. பக்கத்தில் துணி விளிம்பு தைக்கும் ஓவர்லாக் மெஷின் என்னுடையது. இரண்டு வருஷம் அவளை நாள் தவறாமல் பார்த்தவள் நான். இதைச் சொல்ல எனக்குத்தான் நாக்கூச வேண்டும்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்றார்கள். மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலும் போதும், அவசரம் வேண்டாம் என்றாளாம் டாக்டரம்மா. மறுநாளே புருல்கான் மினிபஸ்ஸில் வருவதை விட்டாள். வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர் நடந்து, பனி ஒட்டிய பூட்ஸோடு பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"என்னக்கா, மினிபஸ்காரன் உன்னை இறக்கி விட்டுட்டானா?" என்றேன்.

"ஆமா ஜிபார், ரெண்டு டிக்கெட் கேட்டான். போடான்னு வந்துட்டேன்" என்றாள்.

தேநீரில் சர்க்கரை போனது. ரொட்டி பாதியானது. முதல் இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோதான் இறங்கியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். விருந்துகளில்தான் அவள் பாடு பெரும்பாடு. விருந்து வைப்பவர்கள் கொழுத்த ஆட்டுவாலை அவள் தட்டில் வைத்துவிட்டு, "ஏன், எங்க ஆடு உனக்கு ஆகாதா?" என்று முறைப்பார்கள். ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பையில் கட்டுவாள். இளைத்த பிறகு பேச்சு மாறியது. "பாவம், உள்ளுக்குள்ள ஏதோ வியாதி" என்றார்கள். இரண்டு வருஷத்தில் எழுபத்தொன்பதுக்கு வந்தாள். மாடிப்படியை மூச்சிரைக்காமல் ஏறினாள். அன்று யாரும் கை தட்டவில்லை.

அவளுக்கு சைரா என்று ஒரு தங்கை, தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தாள். உதட்டுச் சாயம், முகப்பூச்சு, மெத்தை உறை என்று எதையாவது விற்றுக்கொண்டே இருப்பாள். அந்த வருஷம் அவள் விற்றது மெலிய வைக்கும் மஞ்சள் மாத்திரை. பெயரில்லாத பொட்டலம். வசந்தகால விருந்துக்கு வந்தவள் அக்காவை அணைத்துக்கொண்டு படம் எடுத்தாள். அக்கா பருத்திருந்த பழைய படம் ஒன்றையும் வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் அந்த இரண்டு படமும் மாத்திரை விளம்பரமாக என் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. கீழே எழுதியிருந்தது: "என் சொந்த அக்கா. இரண்டே மாதம். கேட்டால் நடந்தேன் என்றுதான் சொல்வாள், வெட்கப்படுகிறாள்."

நான் தலையை நிமிர்த்தி இஸ்திரி மேசையைப் பார்த்தேன். புருல்கான் ஆவிக்குள் நின்று காலர் மடித்துக்கொண்டிருந்தாள். 'அட கள்ளி' என்றுதான் தோன்றியது. அந்தப் பனி ஒட்டிய பூட்ஸ் எனக்கு நினைவுக்கே வரவில்லை. செய்தியை அப்படியே பெகிமாய்க்கு அனுப்பினேன்.

பெகிமாய் பித்தான் வைப்பவள், இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளை வீட்டார் வந்து காதில் தோடு மாட்டி நிச்சயம் செய்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் கல்யாணம். பார்த்து வைத்த வெள்ளை கவுன் இடுப்பில் ஏறவில்லை.

அவள் புருல்கானிடம் போய், "அக்கா, நீ எப்படி இளைச்சே?" என்று கேட்டாள்.

"நடந்தேன்டி. காலையில என்கூட வா, வாய்க்கால் பாலத்துக்கிட்ட நிக்கிறேன்."

பெகிமாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் சிரித்தேன். அவள் பாலத்துக்குப் போகவில்லை, சைராவிடம் மாத்திரை வாங்கினாள்.

ஐந்து வாரத்தில் ஒன்பது கிலோ. நாங்கள் எல்லோரும் கை தட்டியது அப்போதுதான். வாய் வறண்டு ஒட்டுகிறது என்றாள், தூக்கமில்லை என்றாள். விரல் நடுங்கி ஊசி நகத்தில் இறங்கியது. "கல்யாணக் களை" என்று கேலி செய்தோம். புருல்கான் மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "நெஞ்சு ஏன் இப்படி அடிக்குது? என்னடி தின்னுறே?" என்று அதட்டினாள். "நீ தின்னதைத்தான்" என்று சொல்லிவிட்டுப் பெகிமாய் போய்விட்டாள். புருல்கான் தன் குறைச்சல் ரொட்டியைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு முற்பகல், துணிக் குவியலின் மேல் பெகிமாய் சரிந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்தாள். ஆனால் இதயத் தசை கெட்டுவிட்டது, பிள்ளைப்பேறு ஆபத்து என்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வந்து, படுக்கையோரம் உட்கார்ந்து, நலம் விசாரித்துவிட்டுத் தோட்டைத் திருப்பிக் கேட்டாள்.

பெகிமாயின் அம்மா துர்சுன் நேராகப் பட்டறைக்கு வந்தாள். போனை இஸ்திரி மேசையில் எறிந்தாள்.

"நீ நடந்தா இளைச்சே? உன் தங்கச்சி யாவாரத்துக்கு என் பொண்ணுதானா கிடைச்சா?"

புருல்கான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எங்கள் முன்னாலேயே சைராவைக் கூப்பிட்டாள்.

"உன் பேரைப் போடலையேக்கா" என்றது போன். "நடந்தான்னு போட்டா எவ வாங்குவா? ரெண்டு வருஷம் காத்திருக்க எவளுக்குப் பொறுமை இருக்கு?"

"அக்காளும் தங்கச்சியும் பேசி வச்ச நாடகம்" என்றாள் துர்சுன். புருல்கான் திரும்பி, "நான் ஒரு மாத்திரையும் தொட்டதில்ல. ஜிபாருக்குத் தெரியும், கேளுங்க" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்தி யாரிடமிருந்து பெகிமாய்க்குப் போனது என்ற கேள்வி எழுந்துவிடுமோ என்று பயந்தேன். "நான் அவ வீட்டுக்குள்ளயா எட்டிப் பார்த்தேன்?" என்றேன்.

புருல்கான் தங்கை மேல் போலீசில் புகார் கொடுத்தாள். கூடப்பிறந்தவளைக் காட்டிக் கொடுத்தவள் என்று அண்ணன் வீட்டுக் கதவு அடைபட்டது. சைரா போன் எண்ணை மாற்றிக்கொண்டு எல்லை தாண்டி அல்மாட்டி பக்கம் போய்விட்டாள். பட்டறையில் யாரும் புருல்கானோடு தேநீர் குடிக்கவில்லை. வாய்க்கால் கரையில், "மாத்திரை போட்டாச்சா?" என்று பெண்கள் கத்தினார்கள். முதலில் நடையை விட்டாள், பிறகு வேலையை விட்டாள். வீட்டில் உட்கார்ந்து படுக்கை உறை தைக்க ஆரம்பித்தாள். ஒரே வருஷத்தில் பன்னிரண்டு கிலோ திரும்பி வந்தது.

"பாத்தியா, மாத்திரையை நிறுத்தினதும் ஊதிட்டா" என்றார்கள் பட்டறையில். ஊருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், தேநீர் ஊற்றினாள். செய்தியை பெகிமாய்க்கு அனுப்பியது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"தெரியும். அந்தப் பொண்ணே சொன்னா" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா நீ யார்கிட்டயும் சொல்லல?"

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அனுப்பினது கூடப் பெருசில்ல. பனியில நடந்து வந்து உன் மெஷின் பக்கத்துலதான் பூட்ஸைக் கழட்டுவேன். ரெண்டு வருஷம் அதைப் பார்த்த நீயே நம்பல. வேற எவகிட்டப் போய் நான் என்னத்தைச் சொல்ல?"

சொல்லிவிட்டு, படுக்கை உறையை மடியில் இழுத்துத் தைக்கத் தொடங்கினாள். நான் எழுந்தபோது அவள் தலை நிமிரவில்லை.