புரட்டாசி முடிந்த ஞாயிறு

புத்தலப்பட்டில் எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறிச்சட்டி பரண்மேல் ஏறிவிடும். அந்த மாதம்தான் என்னை ஏமாற்றியது.

அதற்கு முன்பு மூன்று மாதமாக, கறி சாப்பிட்ட நாளெல்லாம் வலது விலாவுக்குக் கீழே முறுக்கிப் பிழியும். முதுகு வழியாகத் தோள்பட்டை வரைக்கும் ஏறும். வாயுதான் என்று சோடா குடித்தேன், ஓமம் மென்றேன். புரட்டாசியில் வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெருமாளே தீர்த்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாதம் முடிந்த ஞாயிறு, கொழுப்போடு ஆட்டுக்கறி. அடக் கடவுளே! அன்று மத்தியானம் சுவரைப் பிராண்டினேன். மறுநாள் நடுக்கத்தோடு ஜுரம். கண் மஞ்சளாகிவிட்டது. காமாலைக்குப் பச்சிலை வாங்கித் தின்றால் போதும் என்று நான் அடம்பிடிக்க, வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் தன் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார்.

அவள் திருப்பதியில் நர்ஸ். இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவள் வைத்த ரசத்தைச் சொந்தக்காரர்கள் முன்னால், "இவளுக்கு ஊசி போடத்தான் தெரியும்" என்று நக்கலடித்திருந்தேன். என் வாய் அப்படி.

வந்ததும் வராததுமாக என் கண்ணை விரித்துப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே அழுத்தினாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"கறி துன்னா வருது, புரட்டாசில வரல. இது கேஸ் இல்ல அண்ணி, பித்தப்பைக் கல்லு. நழுவி கொழாய அடைச்சிக்கினு கீது போல, அதான் கண்ணு மஞ்சளா கீது. ஜுரம் வேற. எந்திரி!"

"பச்சிலை துன்னு பாத்துட்டு..."

"துன்னுட்டு சாவறியா? அண்ணா, காருக்குச் சொல்லு!"

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்கள். சீழ் பிடித்திருந்ததாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. மருந்து ஏற்றி, வாய்வழியாகக் குழாய் விட்டு அடைத்த கல்லை எடுத்தார்கள். பிறகு வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். இந்த உயிர் அவள் தந்தது. இப்போது அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆபரேஷன் முடிந்து சாப்பிடலாம் என்று சொன்ன அன்று, டிபன் பாக்ஸில் ரசம் சோறு கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினாள். உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. அதே ரசம்.

"எப்டி கீது அண்ணி?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஸ்பூனில் ஒட்டியிருந்த பருக்கையையும் வழித்து விழுங்கினேன்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.