மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி

பிள்ளைகளா, பேரையூர்ச் சித்தப்பா வந்தால் மட்டும் அப்பா ஏன் வாயை மூடிக்கொள்கிறார் என்று போன பொங்கலுக்குக் கேட்டீர்கள். சண்டையா என்று கேட்டீர்கள். சண்டை எதுவும் இல்லை, பொறாமைதான். அது ஒரு ஜன்னல் தட்டியில் தொடங்கியது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவர் உங்கள் அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். முறைக்கு அவருக்குத்தான் அம்மாவைக் கொடுத்திருக்க வேண்டும். பந்தல் போடுகிறவனுக்கு ஒரு மாதம் வேலை, மறுமாதம் சும்மா என்று உங்கள் தாத்தா யோசித்தார். நான் செல்லூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன், வாரம் தவறாமல் கூலி வந்தது. அதனால் எனக்குக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதில் மனக்குறை உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

அப்போது பழங்காநத்தத்தில் ஒரு பழைய மாடி வீட்டில் மேல் அறையில் குடியிருந்தோம். மூத்தவள் பிறந்து, அம்மா தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பியது நல்ல சித்திரை மாதம். அறைக்கு ஒரே ஜன்னல். ஆள் உயரம், மேற்குப் பார்த்தது. ஒரு காலத்தில் சாய்வுப் பலகை வைத்த கதவு இருந்திருக்கிறது. பலகையெல்லாம் உதிர்ந்து சட்டம் மட்டும் நின்றது. மதியம் மூன்று மணிக்கு வெயில் நேராகத் தொட்டிலுக்கு வந்துவிடும். பிள்ளை முதுகெல்லாம் வேர்க்குரு.

முதலில் ஸ்பிரிங் கம்பி இழுத்து அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டேன். காற்றடித்தால் பறந்து ஒட்டடையைத் தொட்டது. காற்று இல்லாவிட்டால் அறை அடுப்பாகிவிட்டது.

"கடையில தட்டி விக்குதாம்ல. ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்" என்றாள் அம்மா.

"நானே கட்டுறேன்" என்றேன்.

காசுக்காக இல்லை. என் பெண்டாட்டியும் பிள்ளையும் என் கையால் செய்த நிழலில் படுக்க வேண்டும். அந்தக் கோடை முழுக்க எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

மூங்கில் வாங்கி வந்து, வேலை முடிந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பிளாச்சு பிளாச்சாகப் பிளந்தேன். கையெல்லாம் சிலாம்பு ஏறியது. பிளாச்சுகளை ஒன்றோடு ஒன்று இடைவெளி தெரியாமல் நெருக்கி நெருக்கிக் கட்டினேன். தறிக்காரன் புத்தி அப்படி. துணியில் சந்து விழுந்தால் முதலாளி தூக்கி எறிவார்.

பாதி முடிந்திருந்தபோது சித்தப்பா பிள்ளையைப் பார்க்க வந்தார், கை நிறைய நுங்கோடு. என் வயசுதான், ஆனால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மாப்ள முறையாக இருந்திருந்தால் நானும் நாலு கேலி பேசித் தீர்த்திருப்பேன். தம்பி முறைக்காரனை என்ன சொல்வது?

தட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, இம்புட்டு நெருக்கிப்புட்டீக? இதச் சுருட்டவும் முடியாது, காத்தும் வராது. சன்னலுக்குத் தட்டி கேட்டா கதவுல்ல செஞ்சு வச்சிருக்கீக!"

அம்மா சிரித்துவிட்டாள். "நல்லாக் கேளுங்க மச்சான். நாலு நாளா மாடிய விட்டு எறங்கல."

அவரை மச்சான் என்பாள். என்னை என்னங்க என்பாள். அதுதான் முறை, தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்த வார்த்தை காதில் சுட்டது.

"நீங்க ஷிப்டுக்குப் போயிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது ஜன்னலில் தட்டி தொங்கியது. என் முடிச்சையெல்லாம் அறுத்துவிட்டு, அதே பிளாச்சுகளை விரலிடை விட்டு, பந்தல் கட்டுகிற கயிற்றால் கட்டியிருந்தார். மூங்கில் என்னுடையது, கட்டு அவருடையது. கயிற்றை இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு மேலே போனது. உள்ளே வெயில் கோடு கோடாக விழுந்தது. பிள்ளை விளக்கு வைக்கிற வரைக்கும் தூங்கினாள். பெற்ற பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

மாடிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதை ஏற்றி இறக்கிக் காட்டினாள்.

"வீட்டுக்காரரு கட்டுனாரா?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார்.

"அவருக்கு எங்கக்கா இதெல்லாம்! எங்க மச்சான் கட்டுனது."

நான் உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்று வந்தது. ஒருநாள் அம்மா பிள்ளையைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து, மழையில் நனைந்து இற்றுப்போயிருந்த கயிறு அறுந்து தட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தறியில் மிஞ்சிய கறுப்புப் பாவு நூல் வீட்டில் கிடந்தது. அதை ஏழெட்டு இழையாக முறுக்கி, அவர் விட்ட இடைவெளியை மாற்றாமல், மேலிருந்து கீழ் வரை நானே கட்டினேன். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவது என் தொழில். அவள் வருவதற்குள் முடித்துவிட்டேன். அவளாகப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று சொல்லாமல் இருந்தேன்.

அன்று சாயங்காலம் காற்று ஊரையே புரட்டியது. எதிர்வீட்டுத் தகரம் ஒன்று தெருவில் வந்து விழுந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"தகரமே பறக்குது, நம்ம தட்டி அசையுதா பாருங்க. மச்சான் கட்டுன கட்டு எம்புட்டு உறுதி!"

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், போயும் போயும் ஒரு தட்டிக்காக அவரோடு மல்லுக்கு நிற்கிறேன் என்று தெரிந்துவிடும். "ஆமா" என்றேன்.

அந்த வாரமே ஊர்ச் சாமி கும்பிடுக்கு அம்மாவைக் கூட்டிப்போக அவர் வந்தார். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை, அதனால் இந்த மாதிரிக் காரியத்துக்கு அவர்தான் வருவார். அம்மா பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னல் பக்கம் போய் முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என் கட்டு இல்லையேண்ணே" என்றார், மெதுவாக. அம்மா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். "அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நான் சொல்லிப்புடவா?"

"வேணாம்."

"நல்லாத்தாண்ணே கட்டியிருக்கீக" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினார். இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே சொல்லிக் கேலி பண்ணியிருப்பேன். அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை உண்டு.

மூன்று பேரையும் பஸ் ஏற்றிவிட்டு மாடிக்கு வந்தேன். மணி மூன்று இருக்கும். தட்டியைக் கடைசி வரை சுருட்டி மேலே இறுக்கிக் கட்டினேன். யார் கட்டிய நிழலும் அன்றைக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை. தொட்டில் இருந்த இடத்தில் பாயை விரித்து, வெயில் முகத்தில் விழ, அது இறங்குகிற வரைக்கும் அங்கேயே படுத்துக் கிடந்தேன்.