பெயர் சொல்லி இறங்கிய சேம்பு

வேதமுத்து வாத்தியார் காலமாகிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுந்துவிட்டேன். பாளையங்கோட்டைப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவன் நான். அவருடைய பிரம்பையும் சிரிப்பையும் உங்களில் பலர் அறிவீர்கள். அவர் வீட்டுச் சேம்புக்குள் எத்தனை பேர் இறங்கியிருப்பீர்கள்?

வீட்டுக்குப் பின்னால் பலா மரங்கள், அப்பால் கால்வாய். வெயில் படாத அந்த ஈர மண்ணில் கால் வைக்க இடமின்றிச் சேம்பு படர்ந்திருக்கும். ஒவ்வோர் இலையும் முறம் அகலம். அவர் மனைவி அன்னம்மாள் நட்டது. வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷத்து ஐப்பசியில் கால்வாய்க்குத் துவைக்கப் போன அந்த அம்மாள் திரும்பவில்லை. படித்துறையில் துணிகள் மட்டும் கிடந்தன. உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சேம்புக்குள் இறங்குமுன் கையைத் தட்டிப் பெயரைச் சொல்லவேண்டும். பாம்பு விலகிப் போகுமாம். ஒருநாள் நான் பேசாமல் காலை வைத்தேன். வாத்தியார் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பேரைச் சொல்லிட்டு இறங்கும் வே! உள்ள இருக்கவ பதறிர மாட்டாளா?"

"பாம்புக்குத்தானே அண்ணாச்சி பேர் சொல்லுதோம்?"

"பாம்புக்கா நான் தெனமும் சொல்லுதேன்?" என்றவர், கையைத் தட்டி, "வேதமுத்து வாரேன்" என்றார். காற்றே இல்லை. நடுவில் ஒரே ஓர் இலை ஆடியது. நான் இரண்டடி பின்வாங்கினேன். அவரோ ஒன்றும் நடக்காததுபோலப் பழுத்த இலைகளைக் கிள்ளி எடுத்து, செடிகளின் அடியில் சருகு பரப்பினார்.

"ஈரம் காயப்படாது வே. இது காஞ்சா அவ எங்கன வந்து நிப்பா?"

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகன் சொன்னான்: "இதை வெட்டிட்டுத் தொழுவம் கட்டப் போறேன் மாமா. பாம்பு அடையுத எடம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு செடியையாவது காப்பாற்றலாமென்று, அரிக்காதிருக்கக் கையில் புளியைத் தேய்த்துக்கொண்டு போனேன். நல்ல உச்சிவெயில். கையைத் தட்டினேன். என் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வருஷக்கணக்காகக் கேட்ட பழக்கம், "வேதமுத்து வாரேன்" என்று வந்துவிட்டது.

சேம்பு முழுவதும் ஒரே சமயத்தில் ஆடியது. உட்கார்ந்திருந்த யாரோ சட்டென்று எழுந்ததுபோல் இருந்தது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக விலகி, அந்த அசைவு என் காலடிவரை வந்து நின்றது. ஐயோ, ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனாலும் அங்கேயே குனிந்தேன்.

அந்தக் காலடிச் செடியைத்தான் தோண்டி வந்தேன். இப்போது எங்கள் கிணற்றடி நிழலில் தழைத்திருக்கிறது. வாத்தியாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்தச் செடியும் அவர் பெயரும். தினமும் தண்ணீர் ஊற்றப் போகையில் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன். ஓர் இலை ஆடுகிறது.

"செத்த மனுசன் பேரையா கூப்பிடுவாக? ஒங்க பேரைச் சொன்னாத்தான் என்ன?" என்று என் மனைவி திட்டுகிறாள்.

சொல்லலாம்தான். ஆனால் அவர் போய்விட்டார் என்று அன்னம்மாளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.