ஆத்தாளுக்கு நேர்ந்த சேலை

என் மகன் செல்வராசுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். சொந்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டான். பிறர் சொன்னதை அதே குரலில், அதே இழுப்போடு திருப்பிச் சொல்வான். எந்த இடத்தில் கேட்டானோ அந்த இடத்துக்குப் போனதும் அது வாயில் வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எப்போதோ திட்டியது வரும். இதற்கு என்ன பெயர் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

நான் இளம்பிள்ளையில் பட்டுத்தறி நெய்கிறவன். நான்காம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அம்மன் செய்ததை அடியார்களுக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று என் மனைவி சரசு சொன்னதால் எழுதுகிறேன்.

மகனைத் தனியே விட முடியாது. விட்டால் ரோட்டில் லாரிக்கு நடுவே நிற்பான். அதனால் சரசு தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலையை விட்டுவிட்டாள். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் தருகிறது என்று எண்பத்திரண்டில் கேள்விப்பட்டு, தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா மகனை ஏற இறங்கப் பார்த்தான். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, இவனுக்கு என்ன ஊனம் என்றான். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னான். வாங்கிக் கொடுத்தேன். காணோம் என்றான். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் என் மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான்.

மகன் திருப்பிச் சொல்வதைக் குமாஸ்தா கண்டுகொண்டான். அதன் பிறகு அது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது.

"எங்க, நாங் கழுதைன்னு சொல்லு பாக்கலாம்."

"நாங் கழுதைன்னு சொல்லு பாக்கலாம்" என்பான் மகன், அவன் குரலிலேயே. ஆபீசே சிரிக்கும். நானும் சிரித்தேன். காகிதம் நகர வேண்டுமே என்று சிரித்தேன். இதை எழுதும்போதும் வாய் கசக்கிறது.

ஒரு நாள் அவன், "உங்க ஊரு பட்டுச்சேலை மாம்பழக் கலர்ல ஒண்ணு கொண்டா. அப்பத்தான் காயிதம் மேல போவும்" என்றான்.

ஆடிக்கு முன் தறியில் புதுப் பாவு நூல் பூட்டினால் அதில் முதல் சேலை மாரியம்மனுக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தச் சேலை முடியும்வரை கவிச்சி தொடமாட்டோம். அந்த வருஷத்துச் சேலை, மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை, பெட்டியில் இருந்தது. சரசுக்குச் சொல்லாமல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமாஸ்தா பஜ்ஜி தின்ற கையால் பிரித்து, கரையைத் தேய்த்துப் பார்த்தான். அவன் முன்பு சேலை கேட்டதை மகன் அப்படியே சொன்னான். கெட்டிக்காரன் என்று மகன் முதுகில் தட்டிக் குமாஸ்தா சிரித்தான். பிறகு, "கரை சின்னதா இருக்குது. இன்னொண்ணு கொண்டா" என்றான்.

வெளியே வந்து புளியமரத்தடியில் வாந்தி எடுத்தேன். அவன் மேல் இருந்த அருவருப்பை விட என் மேல் அதிகம்.

ஆடி நோன்பன்று சரசு பெட்டியைத் திறந்தாள். உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "சேலையத்தான் குடுத்துட்டீங்க. பையனையாச்சும் ஆத்தா முன்னால கொண்டுபோய் நிறுத்துங்க" என்றாள். வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன். மகன் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டே அழுதேன். "ஆத்தா, எனக்கு வாயில்ல. என்ற பையனுக்கும் வாயில்ல. எங்களுக்கு நீ பேசு."

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் போனோம். புதிதாக வந்திருந்த தாசில்தார் குமாஸ்தாவின் மேஜையருகே நின்று ஏதோ காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மகன் வழக்கமான இடத்தில் நின்றான். வாயைத் திறந்தான்.

"மாம்பழக் கலர்ல ஒண்ணு கொண்டா. அப்பத்தான் காயிதம் மேல போவும். கரை சின்னதா இருக்குது. இன்னொண்ணு கொண்டா."

பின்னாலேயே குமாஸ்தாவின் சிரிப்பையும் சிரித்தான். அது யார் குரல் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பைத்தியம் ஒளறுதுங்க ஐயா" என்றான் குமாஸ்தா.

"பைத்தியம் ஒளறுதுங்க ஐயா" என்றான் மகன். குரலில் இம்மி வித்தியாசம் இல்லை.

தாசில்தார் என்னைப் பார்த்து, என்ன சேலை என்று கேட்டார். எப்படித்தான் எனக்கு நாக்கு எழுந்ததோ.

"மாரியாத்தாளுக்கு நேர்ந்த சேலைங்க" என்றேன்.

மேஜை டிராயரைத் திறக்கச் சொன்னார். மூன்று சர்டிபிகேட்டும் அதிலேயே கிடந்தன. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இன்றுவரை தபால்காரர் மணியார்டர் கொண்டுவருகிறார். குமாஸ்தாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே யாரிடம் சேலை கேட்கிறானோ.

சேலை பியூன் மூலம் திரும்பி வந்தது, எண்ணெய் விரல் பதிந்து. ஆத்தாளுக்குச் சாத்த முடியாது. அருவருப்பு அவன் மேல் மட்டும் என்றால் அதை எரித்திருப்பேன். பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். இப்போது என் மகனைச் சொல்ல வைத்து யாராவது சிரித்தால், "வேண்டாமுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அவ்வளவுதான் சொல்ல வருகிறது. ஆனால் சொல்கிறேன்.

அடுத்த ஆடிக்குப் புதுப் பாவில் முதல் சேலை நெய்து எடுத்துப் போனோம். போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றதும் என் மகன் என் குரலில் அழுதான். "ஆத்தா, எனக்கு வாயில்ல. என்ற பையனுக்கும் வாயில்ல. எங்களுக்கு நீ பேசு."

பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டார். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசத் தெரியவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், அடியார்களே. உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நில்லுங்கள். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள்.