சேலைன் குழாய்

அந்த வான் வண்டிச் சாரதியின் பெயரை நான் கேட்கவே இல்லை. நரைத்த மீசை, முழங்கை வரை எண்ணெய்க் கறை. குண்டுபோட விமானம் வருகிறதா என்று நாங்கள் எல்லோரும் வானத்துக்குக் காது கொடுத்திருக்க, அவர் மட்டும் தலையைச் சரித்து, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் விசிலையே கேட்டபடி ஓட்டினார்.

யாழ்ப்பாணத்தில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம் அது. சேலைன் ஏறிக்கொண்டிருந்த என் ஐயாவையும், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணையும் சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அந்த வானில்தான் ஏற்றிப் போனோம். பாதி வழியில் ஐயாவின் மூச்சு நின்றது. சற்று நேரத்தில் வானும் இழுவை குறைந்து ஊரத் தொடங்கியது.

சாரதி இறங்கிப் பார்த்தார். டர்போவின் காற்றழுத்தத்தை டீசல் பம்புக்குக் கொண்டுபோகும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அழுத்தம் போகாவிட்டால் பம்ப் எஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைத்துவிடும். அப்படியொரு குழாய் அப்போது எந்தக் கடையிலும் இல்லை.

அவர் என்னருகே வந்து நின்றார்.

"தம்பி, ஐயாவுக்கு இனி உந்தக் குழாய் தேவையில்லை. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேர அது வேணும்."

நானே ஐயாவின் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அளவாக வெட்டி, வெடித்த குழாயின் இடத்தில் பூட்டினார். விசில் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோய், ஐயாவையும் இறக்கிய பிறகு சாரதி என்னிடம் வந்தார்.

"குழாயைக் கழட்டித் தரட்டோ, தம்பி? ஐயாவின்ரையெல்லோ."

வேண்டாம் என்றேன். தலையசைத்துவிட்டு வானைத் திருப்பினார்.

கழற்றினால் அடுத்த நோயாளியை ஏற்ற அவருக்கு வண்டி இல்லை. அது தெரிந்துதான் கேட்டார். நான் ஓம் என்றிருந்தால், கழற்றித்தான் தந்திருப்பார்.