ஆறு கட்டத்தில் அப்பாவும் பெரியப்பாவும்

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட வருடங்களில் இருவருக்கும் பொதுவாக ஒரு வாய் இருந்தது. அது என்னுடையது. ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், பெரியப்பா நடு வரப்பை வருடா வருடம் மண்வெட்டியால் ஓரம் சீவித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டார் என்று அப்பா சொல்வார். பெரியப்பா சொல்லும் கதையிலும் அதே வரப்பு, அதே மண்வெட்டி. பிடித்திருந்த கை மட்டும் அப்பாவுடையது. இரண்டும் உண்மையென்றால் அந்த வரப்பு எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டும். அது பாட்டுக்கு அங்கேயேதான் கிடந்தது. நான் தினமும் அதன் மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன்.

வரப்பை வைத்துச் சண்டை போடலாம். மோட்டாரை வைத்துப் போட முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார். மும்முனை கரண்ட் வருகிற சில மணி நேரத்தில் தண்ணீர் யார் வயலுக்கு என்பதை அன்றன்றைக்குப் பேசித்தான் தீர வேண்டும். ஆகவே மோட்டார் கொட்டகை வாசலில் இருவரும் வந்து நிற்பார்கள். நடுவில் நான் நிற்பேன்.

"பாப்பா, நாத்தங்கால் காயுது, இன்னிக்குப் பூரா எனக்குத் தண்ணி வேணும்னு ஒங்கப்பன்ட்ட சொல்லு" என்பார் பெரியப்பா. அப்பா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். நான் திரும்பி அவரிடம் முழுவதையும் சொல்வேன். "காஞ்சா காயட்டும்னு சொல்லு" என்பார் அப்பா. நான் மறுபடி திரும்பி, "காஞ்சா காயட்டுமாம், பெரியப்பா" என்பேன். ஒரு சொல் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த எனக்கு ஊரில் கிராம நிர்வாக அலுவலருக்கு அடுத்தபடியான பதவி என்னுடையது என்ற நினைப்பு இருந்தது.

இதில் அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் பெண் எடுத்திருந்தார்கள். சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் சுவர் எழும்பியது. இவர் வாசற்படியை அவர் வீட்டார் மிதிக்கக்கூடாது என்று ஆயிற்று. அம்மா வத்தக்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்து அனுப்புவாள். அந்தக் கிண்ணமும் வெறுமனே திரும்பி வராது. "அக்கா என்னடி சொன்னுச்சு?" என்று அம்மா கேட்பாள். "ஒண்ணும் சொல்லலம்மா, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு" என்பேன். ஏன் திருப்பிக்கொண்டாள் என்று யோசிக்க எனக்கும் தோன்றவில்லை, அம்மாவும் அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

அந்த மே மாதம் அத்தை மகன் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். சென்னையில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தவர், சில பேப்பர்களில் அரியர் வைத்துவிட்டு, அத்தையின் வாய்க்குப் பயந்து மாமன்கள் ஊரில் ஒதுங்கினார். சும்மா கிடந்தால் மாமன்கள் வயலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்ததும், ஊர்ப் பிள்ளைகளுக்கு காமிக்ஸ் போடக் கற்றுத்தரப் போவதாக அறிவித்துவிட்டார். மகளிர் குழுக் கட்டடத்தின் சாவியையும் கேட்டு வாங்கிவிட்டார். நாலாவது படிக்கிறவர்கள் முதல் பிளஸ் டூ எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் வரை கூட்டம் கூடிவிட்டது.

முதல் நாள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் போட்டோம். முகமூடி போட்ட ஒருவன் பறந்து வந்து, வானத்தைத் தொடும் கட்டடத்தைக் குத்தி உடைக்கிறான். அத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த பில்டிங் எங்கடா இருக்கு? திருப்பனந்தாள்லயா?"

அத்தான் தாள்களைத் திருப்பி எங்கள் கையில் கொடுத்தார்.

"பாக்காதத போடாதீங்க. நேத்து ஒங்க வீட்ல என்ன நடந்துச்சு, அதப் போடுங்க. ஆறு கட்டம். ஏழாவது கேட்டா ஒதைதான்."

எப்படிப் பேச வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். பழைய காலண்டர் அட்டையைப் பலூன் மாதிரி வெட்டி, அதற்கு ஒரு வாலும் விட்டு, ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். பேசுகிறவன் அதைத் தலைக்கு மேல் தூக்கி, வாலைத் தன் வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டும். பிளஸ் டூ அண்ணன்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே பிடித்தார்கள். அத்தான் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுப்பார். வால் தப்பினால் மட்டும் விடமாட்டார். யார் பேசுகிறார்கள் என்று படிக்கிறவனுக்குத் தெரியாவிட்டால் காமிக்ஸே இல்லை என்பார்.

ஒருவன் கும்பகோணம் பஸ்ஸில் தான் தொங்கிக்கொண்டு போனதைப் போட்டான். ஒருத்தி வீட்டில் டி.வி. ரிமோட் காணாமல் போனதைப் போட்டாள். நான் மோட்டார் கொட்டகையைப் போட்டேன். முதல் கட்டத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நான். அடுத்த கட்டங்களில் சேதி போகிறது, வருகிறது, போகிறது. ஆறாவது கட்டத்தில் கரண்ட் நின்றுவிடுகிறது. தண்ணீர் யாருக்கும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து, "அவன் என்னவாம்?" என்று கேட்கிறார்கள்.

அத்தான் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு விரலை வைத்தார்.

"வால் எல்லாம் ஒன் வாய்க்கே போவுதே. நாத்தங்கால் காயுதுன்னு சொன்னது யாரு? பெரிய மாமா. அப்ப வால் அவர் வாய்க்குத்தான் போகணும்."

"அவர் சொன்னது அப்பா காதுல விழாது அத்தான். நான் சொன்னாத்தான் விழும்."

"பக்கத்துலதானே நிக்கிறாரு."

"இருந்தாலும் விழாது."

மறுபடி போடச் சொன்னார். போட்டேன், அதே மாதிரி. அத்தான் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். அவர் சொல்வதும் சரி, நான் பார்ப்பதும் சரி. இரண்டையும் ஒரு கட்டத்துக்குள் கொண்டுவராமல் எழுந்திருப்பதில்லை என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. ரப்பர் வைத்துத் தேய்த்துத் தாள் ஓட்டை விழுந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. கடைசியில் வாலை நீட்டிவிட்டேன். பெரியப்பா வாயிலிருந்து புறப்பட்ட வால், வயலில் கிடக்கும் தண்ணீர் ஓஸ் மாதிரி வளைந்து நெளிந்து என் ஒரு காதில் நுழைந்து, என் வாய் வழியாக வெளியே வந்து, அப்பா காதில் போய் முடிந்தது. அப்பாவின் பேச்சும் அப்படியே திரும்பிப் போயிற்று. அத்தான் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இதை எங்கள் காலேஜ் வாத்தியாரே யோசித்திருக்கமாட்டார் என்றார். அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் பிற்பாடு நான் வாங்கிய எந்தப் பட்டத்திலும் உண்டாகவில்லை.

ஆனால் மாட்டுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அம்மன் கோயில் திருவிழா அன்று கட்டடத்து வாசலில் கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு எல்லோருடைய காமிக்ஸையும் தொங்கவிடுவதாக ஏற்பாடு. ஊரே அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போகும்.

"இத மாட்டுனா எங்க மாமன் ரெண்டு பேரும் என்னை வைக்கோப் போர்ல வச்சுக் கொளுத்திருவாங்க. குட்டி, நீ ஒரு ஆட்டுக்குட்டி கதை போட்டுக்குடேன்."

"எங்க வீட்ல ஆடே இல்லயே அத்தான். வீட்ல நடந்தததானே போடச் சொன்னீங்க?"

அத்தான் மூக்கைச் சொறிந்தார். மாட்டினால் இதை மாட்டுங்கள், இல்லாவிட்டால் என் பெயரையே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் காட்டினேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஆறு கட்டத்தையும் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். அப்பாவுக்கு நான் போட்டிருந்த மீசையில் அவளுக்குச் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டாள்.

"அக்காவ எங்கடி காணும்?" என்று கேட்டாள்.

"ஆறு கட்டத்துல எடமில்லம்மா."

அம்மா அடுப்பை மறுபடி கூட்டி வைத்தாள். பிறகு, "மாட்டணும்னா மாட்டிக்க. நான் பாத்தேன்னு யார்ட்டயும் சொல்லாத" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடி, அம்மா மாட்டச் சொல்லிவிட்டாள் என்று அத்தானிடம் சொன்னேன். பார்த்ததைத்தானே சொல்லக்கூடாது என்றாள். அத்தானும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளிப்பை எடுத்தார்.

திருவிழா அன்று முதலில் சிரித்தவர் டீக்கடைக்காரர். அவர் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்களின் காமிக்ஸ் எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, என்னுடையதற்கு முன்னால் மட்டும் கூட்டம் நகரவில்லை. யாரோ போனில் படம் பிடித்து சிங்கப்பூரிலிருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு அனுப்ப, அவர் அதை அப்படியே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். அந்தக் குரூப்பில் அப்பா காலையில் ரோஜாப்பூ போடுவார், பெரியப்பா முருகன் படம் போடுவார். ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். இப்போது இரண்டு பேர் போனிலும் உறவுக்காரர்களின் சிரிப்பு மூஞ்சிகள் வந்து குவிந்தன.

பெரியப்பா கோயில் பக்கமிருந்து வந்தார். அப்பா கடைத்தெருப் பக்கமிருந்து வந்தார். அத்தானைக் காணவில்லை. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. இருவரும் கொடிக்கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் வழக்கம்போல் நடுவில் போய் நின்றுகொண்டேன். யார் முதலில் சேதி சொன்னாலும் எடுத்துக்கொண்டு போகத் தயாராக இருந்தேன்.

"அண்ணே, இத மொதல்ல கழட்டச் சொல்லுங்க" என்றார் அப்பா.

"நீ சொல்லுடா. ஒன் பொண்ணுதானே?" என்றார் பெரியப்பா.

"எம் பேச்ச எங்க கேக்குது? நீங்க குடுத்த செல்லம்."

"செல்லம் குடுத்தவனுக்கு எம்மாம் பெரிய தொப்பை போட்டு வச்சிருக்கு பாத்தியா?"

"ஒங்களுக்குத் தொப்பையாவது இருக்கு. எனக்குக் கழுத்தே இல்லண்ணே."

என் தலைக்கு மேலாகவே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கோ ஒரே ஒரு விஷயம்தான் புரிந்தது: இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என் காமிக்ஸைக் கழற்றப் போகிறார்கள். இத்தனை நாள் ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒத்துப்போகாதவர்கள் எனக்கு எதிராகவா ஒத்துப்போக வேண்டும் என்று ஆத்திரம் பொங்கியது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டுனா இன்னொண்ணு போடுவேன். அதையும் கழட்டுனா இன்னொண்ணு போடுவேன்!"

"போடுவா" என்றார் அப்பா, பெரியப்பாவிடம்.

"போடுவாடா. யாரு ரத்தம்?" என்றார் பெரியப்பா.

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தாளைக் கழற்றினார். கிழிக்கவில்லை, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இதற்கு வீட்டில் ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பாதி வழியில் பேச்சு மோட்டாருக்கு மாறி, ஒரு நாள் உனக்கு ஒரு நாள் எனக்கு என்று வைத்துக்கொண்டால் என்ன என்று பெரியப்பா கேட்பது காதில் விழுந்தது. நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். பதவியும் போய், படமும் போய்விட்டது.

எங்கள் வாசலில் பெரியப்பா ஒரு கணம் நின்றார். "வாங்கண்ணே" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். "ஒரு காப்பி குடும்மா" என்று பெரியப்பா கேட்டதும் விறுவிறுவென்று உள்ளே போனாள். டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

நியாயம் கேட்க அடுக்களைக்குப் போனேன். அதற்குள் பெரியம்மாவுக்கு யார் சொன்னார்களோ, ஈரக் கையோடு சுவரைச் சுற்றி வந்து எங்கள் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா திரும்பினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

என் காமிக்ஸுக்காக இவ்வளவு அழுகிற ஆட்கள் இந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவர் புடவையையும் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்க. நான் இன்னிக்கே உக்காந்து இத விட நல்லதா வேற போட்டுர்றேன்."

இருவரும் என்னைக் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இன்னும் பலமாக அழுதார்கள். சரி, இவர்களை நம்பிப் பயனில்லை என்று அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்கேலைத் தேடிக்கொண்டு போனேன்.